நாலு மணி நேரக் கணக்கு

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவர்களைப் பார்த்து "எங்கே போறே?" என்று கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பார் அம்மா. செருப்பை மாட்டும்வரை பொறுத்திருந்து, "பாத்துப் போயிட்டு வா" என்று மட்டும் சொல்வோம். என் தங்கையை நான் ஒருநாளும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை, மேடம். அவள் புருஷனிடமே நீங்கள் விசாரிக்கலாம். "அக்கா எதையும் நோண்டி நோண்டிக் கேக்கற ஆள் இல்ல" என்றுதான் அவர் சொல்வார்.

ஸ்டேஷனில் என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. பார்சல் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக விலாசம் எழுதுகிற கை. டிரைவர்கள் ஓடுகிற வண்டியிலேயே படித்துவிடுவார்கள்.

போன பதினாலாம் தேதி கால்வாய் ஓர மண் ரோட்டில் வண்டி சறுக்கி, பள்ளத்தில் விழுந்து இறந்துபோனவள் என் தங்கை. விழுந்த பிறகு அவள் போனிலிருந்து மூன்று தடவை அழைப்பு போயிருக்கிறது. மூன்றும் எனக்கு. அதை ஏன் எடுக்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி. முதலில் கேட்டபோது, போன் பைக்குள் இருந்தது, சத்தம் கேட்கவில்லை என்றேன். அது உண்மையில்லை. போன் என் மேஜைமேல், எடைத் தராசுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று தடவை அடித்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. காரணத்தைச் சொல்லாமல் வெறுமே எடுக்கவில்லை என்று எழுதினால், நான் ஏதோ கல்நெஞ்சக்காரி என்று ஆகிவிடும்.

அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு வயது, அவளுக்கு ஏழு. அப்பா அதற்கு முன்னாலேயே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவளைப் பாத்துக்கோ" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நான் எல்லாரையும்விட ஒரு படி நேராகவே எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். சோறு போடுவதும் துணி எடுத்துக் கொடுப்பதும் யாரும் செய்வார்கள். நான் அவளைப் பார்த்தேன். பார்க்காவிட்டால் ஆள் இருக்க மாட்டாள். ஒரு பக்கத்து ஜடையைப் பின்னி ரிப்பன் எடுக்கத் திரும்புவேன், அதற்குள் மறுபக்கத் தலைவிரிகோலத்தோடு தெருமுனையில் நிற்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். அதனால்தான் வாண்டு என்று பேர் வந்தது. முப்பத்துநாலு வயதிலும் வாண்டுதான். அவள் வேலை பார்த்த லேபில் இருக்கிற டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவாராம்.

எனக்கு வரன் வராமல் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் காபி குடித்து முடித்த கையோடு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "தங்கச்சியை என்ன பண்ணப் போறீங்க?" ஏதோ பழைய பீரோவை என்ன செய்யப்போகிறோம் என்கிற மாதிரி. நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். யார் வீடு, எப்படிப்பட்ட வீடு, உள்ளே யார் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. இருக்கும் இடத்தை என் போனில் தெரிகிற மாதிரி வைத்துக்கொள் என்றேன். அவளே சிரித்துக்கொண்டு வைத்துக் கொடுத்தாள். அதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. என் போனில் ஊர் வரைபடம், அதில் ஒரு நீலப் புள்ளி. புள்ளி நகர்ந்தால் எனக்கும் வேலை ஓடும். எங்கள் ஆபீஸில் நாள் முழுக்க அதே வேலைதானே. "உங்க பார்சல் பாலம் தாண்டிடுச்சு சார்", "இன்னும் அரை மணியில வந்துடும்மா". பக்கத்து மேஜைக்காரி ஓயாமல் பேசுகிறவள், அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருக்கிறோம். அவள் என் போனை எட்டிப் பார்த்து, "உன் தங்கச்சிக்கும் ஒரு பார்கோடு ஒட்டிடு" என்பாள். நானும் சிரிப்பேன்.

கல்யாணம் ஆன வாரமே வாண்டு அதை அணைத்துவிட்டாள். "இனிமே எனக்கு வேற வாட்ச்மேன் வந்தாச்சு, உனக்கு ரிட்டயர்மென்ட்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் விட்டுவிட்டேன், ஒரு பத்து நாள். மாப்பிள்ளை நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. உள்ளே நுழையும்போதே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். மாலை ஐந்து மணிக்குத்தான் அது அவர் கைக்கு வரும். அப்படி ஒரு வாட்ச்மேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் குளிக்கப் போனாள். நான் அவள் போனை எடுத்து, பழையபடி வைத்துவிட்டேன். பூட்டு எண் அவள் பிறந்த வருஷம். ஊருக்கே ஊசி போடுகிறவளுக்கு வேறு எண் தோன்றவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. நானேதான் வாயை விட்டேன். ஒரு மழை நாள், போனில் பேசிக்கொண்டிருந்தோம். "பாலத்துக்கிட்ட தண்ணி நிக்குதா? பாத்து ஓட்டு" என்றேன்.

மறுமுனையில் வண்டியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"நான் பாலத்துக்கிட்ட நிக்கறேன்னு உனக்கு யாருக்கா சொன்னா?"

நான் ஏதேதோ சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் நேரே என் வீட்டுக்கு வந்தாள். நனைந்த செருப்போடு நடுக்கூடத்தில் நின்றாள், உட்காரவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. கோபம் மூக்குக்குமேல் வந்து அரை மணியில் இறங்குகிற ஜாதிதான் அவள். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் கையைப் பைக்குள் விட்டதைக் கண்டுபிடித்தால் எப்படிப் பார்ப்போம், அப்படி. பிறகு போய்விட்டாள்.

எட்டு மாதம் பேசவில்லை. அந்த எட்டு மாதத்தைப் பற்றி உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் ஆபீஸுக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். ஒரு பல் மாதிரிதான். இருக்கும்போது நினைப்பில்லை, விழுந்த பிறகு நாக்கு அங்கேயே போகும். அவள் பிறந்தநாளுக்கு ஒரு சுடிதார் துணியும் மழைக்கோட்டும் வாங்கி எங்கள் ஆபீஸ் வழியாகவே அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. 'பெறுபவர் மறுத்தார்' என்று ஒட்டியிருந்தது. திரும்பி வந்த பார்சல்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அன்று என் மேஜைக்கு வந்தது பதினேழு. அதில் ஒன்பதாவது அது. அதற்கும் நானே மெஷினைக் காட்டி, 'பீப்' என்றதும் அடுத்ததை எடுத்தேன். ரேடியோ பார்த்துவிட்டு, அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது அவள் வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கை நரம்பைத் தட்டிப் பார்த்து, "எந்த முட்டாள் இந்த ஊசியைப் போட்டான், கை வீங்கியிருக்கு பாரு" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி என்று நினைத்து இன்னும் கத்தினாள். நர்ஸ் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இன்னொரு தடவை இந்த வேலை பண்ணினேன்னு தெரிஞ்சுது, அப்புறம் எனக்கு அக்கான்னு ஒருத்தி கிடையாது. நீ செத்தாலும் எட்டிப் பாக்க மாட்டேன்."

"மாட்டேன்டி. உன்மேல சத்தியம்" என்றேன்.

"என்மேல எதுக்கு? உன்மேல பண்ணு" என்று சிரித்தாள். அப்படியே பழைய மாதிரி ஆகிவிட்டது.

சத்தியத்தைப் பதினோரு நாள் காப்பாற்றினேன். பொய் சொல்லவில்லை, அந்தப் பதினோரு நாளும் அவள் என்னோடு பேசினாள், ஆனால் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பேச்சு இருக்கிறது, ஆள் இல்லை. அந்தச் சமயம் பார்த்து அவள் போன் கீழே விழுந்து கண்ணாடி சிதறிவிட்டது. நானே புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். கடையிலேயே பெட்டியைப் பிரித்து, புள்ளி தெரிய வேண்டியதை எல்லாம் செய்து, திரும்பப் பழையபடி மூடிக் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். போன் நான் கொடுத்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும், மேடம். அவளுடையதை நான் தொடவில்லை.

பழைய போனில் இல்லாத ஒரு சிக்கல் அதில் இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை, எந்தத் தேதியில் வைத்தோமோ அந்தத் தேதியில், அவள் போனுக்கு ஓர் அறிவிப்பு வரும்: 'நீங்கள் இருக்கும் இடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.' திறந்தால் என் பேர் இருக்கும். பதினாலாம் தேதி, காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள். அதனால் ஒவ்வொரு பதினாலாம் தேதியும் நான் ஆபீஸுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வாங்கிவிடுவேன். அவள் ஒன்பது மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வருவாள். நான் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பேன். "என் போன்ல சார்ஜ் இல்ல, உன்னதைக் கொடு, மேனேஜருக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கறேன்" என்று வாங்கி, அறிவிப்பு வந்ததும் தள்ளிவிடுவேன். பதினேழு மாதம் ஒரு தேதி தவறவில்லை.

"என்னதான்க்கா உனக்கு? மாசா மாசம் பதினாலாம் தேதியானா பாசம் பொத்துக்கிட்டு வருது" என்று கேலி செய்வாள். மாப்பிள்ளையிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எங்கள் வீட்டில் அது ஒரு ஜோக் மாதிரியே ஆகிவிட்டது.

போன பதினாலாம் தேதி எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. முதல்நாள் வரவேண்டிய லாரி இரண்டும் அன்று காலைதான் வந்தன. ஆள் மூன்று பேர் லீவு. மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா தாயே, இன்னிக்கு நீங்களும் போனீங்கன்னா நான் கதவைச் சாத்திட்டுப் போயிடுவேன்." மூட்டை மூட்டையாக வாசல்வரை கிடந்தது. நான் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் புள்ளி அவள் வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு அவளுக்கும் வேலை அதிகம் போல. ஒன்பதே முக்காலுக்குக் கடைசி வீட்டிலிருந்து கிளம்பியது. மெயின் ரோட்டில் போகாமல் கால்வாய்ப் பக்கம் திரும்பியது. நேரம் மிச்சம் பிடிக்க அப்படிப் போவாள். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு அங்கே நின்றது. பத்து எட்டுக்கு என் போன் அடித்தது. திரையில் 'வாண்டு'.

அறிவிப்பைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிடுகிறாள். வேறு எதுவும் என் மனதில் வரவில்லை. கை தானாகப் பின்னால் போயிற்று. போன் அடித்து ஓய்ந்தது. பத்து பத்துக்கு மறுபடி. அதுவும் ஓய்ந்தது. "யாரு? எடேன், காது கிழியுது" என்றாள் ரேடியோ. "கம்பெனிக்காரன், சும்மா ஏதாவது விப்பான்" என்றேன். பத்து பதினேழுக்கு மூன்றாவது. அது பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் கூப்பிட்டு நான் எடுக்காமல் இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். எப்போதும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். "போன் மேலயே உக்காந்திருப்பியா?" என்பாள். புருஷன் போன் பெட்டிக்குள் இருக்கும். அவசரத்துக்கு உதவுகிற எண் எதுவாக இருந்தாலும் அதில் நாலு கேள்வி கேட்பார்கள். அக்கா எடுத்துவிடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் மூன்றும் எனக்கே வந்திருக்கிறது.

புள்ளி நகரவில்லை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கோபம் வந்தால் சின்ன வயதிலிருந்தே ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்திருக்கட்டும், ஆறட்டும் என்று நினைத்தேன். எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. பார்சல் ஒரே இடத்தில் நின்றுபோனால், நாலு மணி நேரம் கழித்துத்தான் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதற்குள் கூப்பிட்டால், "சோறு தின்னக்கூட விடமாட்டீங்களா?" என்று சண்டைக்கு வருவார்கள். நானும் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மணி ஐந்து நிமிஷம்வரை. கணக்குப் பார்த்தால் நியாயமான நேரம்தான்.

அன்றைக்கு என் போனில் வரைபடத்தை அறுபத்தொரு தடவை திறந்திருக்கிறேன் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அவ்வளவு என்று தெரியாது. என் போன் அதை எண்ணிக்கொண்டிருந்தது என்பதும் தெரியாது.

இதுவரை எழுதியதைத்தான் நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கோபமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று. இனி எழுதுவதை யாரிடமும் சொன்னதில்லை.

எடுத்த ரத்தத்தைப் பதினொன்றரைக்குள் லேபில் சேர்க்க வேண்டும். தாண்டினால் கெட்டுவிடும், போய் மறுபடியும் குத்த வேண்டும். வாண்டு காய்ச்சலிலும் போய்ச் சேர்த்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முதல்நாள் சேர்த்திருக்கிறாள். எட்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாளே, அந்தச் சண்டை நடந்த அன்றும் முதலில் ரத்தத்தைக் கொடுத்துவிட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தாள். என்ன கோபத்திலும் அவள் ரத்தத்தைக் கெட விடமாட்டாள். பதினொன்றரைக்குப் புள்ளி அங்கேயேதான் இருந்தது.

பதினொன்றரைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது, மேடம்.

அந்த இடம் எங்கள் ஆபீஸிலிருந்து பத்து நிமிஷம். வாசலில் எங்கள் வண்டிகள் மூன்று நின்றன. நான் ஒரு பெட்டியை எடை போட்டேன். ஏழு கிலோ இருநூறு. விலாசம் எழுதினேன். அடுத்ததை எடுத்தேன். மதியம் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரேடியோ அவள் மாமியார் மிக்ஸியை உடைத்த கதையைச் சொன்னாள், எல்லாரும் சிரித்தோம். இரண்டு ஐந்துக்கு நாலு மணி நேரம் முடிந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவள் எடுத்தால், "எதுக்கு இப்படிப் பண்ணினே?" என்று கேட்பாள். எடுக்காவிட்டாலும் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். இரண்டுமே வேண்டாம் என்று இருந்தது.

ஐந்து இருபதுக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். லேபிலிருந்து அவருக்குப் பதினாலு அழைப்பு வந்திருந்ததாம், பெட்டியைத் திறந்ததும்தான் பார்த்திருக்கிறார்.

"அக்கா, வாண்டு அங்க வந்தாளா?"

"இல்லையே தம்பி. ஏன், இன்னும் வீட்டுக்கு வரலையா?"

இது நானாகவே சொன்னது. யாரும் சொல்லச் சொல்லவில்லை. ஐந்து நாற்பதுக்குப் புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது. அவள் போனில் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும்.

அவர் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். லேபில் வாங்கிய பட்டியலை வைத்துக்கொண்டு, அவள் அன்று போன வீடு ஒவ்வொன்றாகப் போனோம். நான் இறங்கி மணி அடிப்பேன். எல்லாரும் கையில் ஊசி குத்திய இடத்தைக் காட்டி, "வந்துட்டுப் போயிட்டாங்களே" என்றார்கள். ஆறே கால் இருக்கும், வெளிச்சம் நன்றாகவே இருந்தது. கடைசி வீட்டை விட்டு வரும்போது, கால்வாய் ரோடு பிரிகிற இடத்தில் அவர் வண்டியை நிறுத்தினார். காலை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார்.

"அக்கா, இப்படி ஒரு எட்டு போய்ப் பாக்கலாமா?"

நான் எதையும் வெளியே சொல்ல வேண்டியிருக்கவில்லை. "போய்ப் பாக்கலாம் தம்பி" என்று சொன்னால் போதும். புள்ளியைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது. அவரே கேட்டார், அவரே போயிருப்பார். அதை அந்த நிமிஷமே நான் யோசித்தேன். அதனால் எனக்கு வழி தெரியவில்லை, பயத்தில் குழம்பிவிட்டேன் என்றெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

நான் யோசித்தது இதுதான். போனால் அவள் அங்கே இருப்பாள். உயிரோடு இருந்தால், கையில் அந்தப் போனோடு, என் பேரைப் பார்த்த கண்ணோடு இருப்பாள். நடுக்கூடத்தில் நின்று பார்த்தாளே, அப்படி ஒரு தடவை பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் சேர்ப்போம், பிழைத்துக்கொள்வாள். பிழைத்து வந்து, எனக்கு அக்கா என்று ஒருத்தி கிடையாது என்பாள். சொன்னால் சொன்னதுதான் அவள். அதே ஊரில், பத்து நிமிஷ தூரத்தில், எட்டு மாதம் அல்ல, சாகும்வரை. அதை என்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அந்த ரோட்டுல அவ போக மாட்டா, தம்பி. மண் ரோடு, வழுக்கும். அவளுக்குப் பயம்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். அவளைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? வண்டியைத் திருப்பினார்.

மறுநாள் காலை புல் அறுக்க வந்தவர் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் பைலில் இருக்கிறது. தொடை எலும்பு முறிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். "மாலைவரைகூட உயிர் இருந்திருக்கலாம்" என்றார். மாலை என்றால் எத்தனை மணி என்று கேட்டேன். அதைச் சரியாகச் சொல்ல முடியாது என்றார். மாப்பிள்ளை சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நான்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். ரத்தம் வைக்கிற அவளுடைய ஐஸ் பெட்டி உடையாமல் இருந்தது. அதில் பதினொரு குப்பிகள், எல்லாவற்றிலும் அவள் கையெழுத்தில் பேர்.

அதன் பிறகு பதினாறு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவள் அதைப் படித்தாளா? படித்துவிட்டு அந்தக் கோபத்தில் ஓட்டித்தான் விழுந்தாளா? விழுந்து கிடந்த நேரமெல்லாம் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு கிடந்தாள்? நேற்று நீங்கள் அவள் போனைப் பற்றிச் சொன்னீர்கள். ஒன்பது இருபதுக்கு வந்த அந்த அறிவிப்பை அவள் திறக்கவே இல்லை, பார்க்காமலே இருந்திருக்கிறது என்றீர்கள். "அவங்களுக்குக் கடைசிவரைக்கும் தெரியாதும்மா. நீங்க எடுத்திருக்கலாம்" என்றீர்கள்.

நான் அழுதேன். நீங்கள் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தீர்கள், தோளைத் தட்டினீர்கள். அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் அழுதது நீங்கள் நினைத்த காரணத்துக்கு இல்லை. அவளுக்குத் தெரியாது. கோபமாக இருக்கிறவள் ஒரே ஆளை மூன்று தடவை கூப்பிடுவாளா? புருஷனைக் கூப்பிடவில்லை, லேபைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். மாப்பிள்ளையிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். என் தங்கை கடைசிவரை என்னோடு பேச்சு வார்த்தையோடுதான் இருந்தாள்.

நேற்று நன்றாகத் தூங்கினேன்.